மைனஸ் மார்க் டாக்டர்கள் வருவதற்குள் என் பித்தப்பை

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

நீங்களும் அக்காவும் நலமாக இருப்பீர்கள் என்றே நம்பி எழுதுகிறேன். இங்கே என் பித்தப்பைக் கல்லைத் தவிர எல்லோரும் சௌக்கியம். போனில் சொல்லியிருப்பேன், சின்னவன் அதைப் பிரித்து மாட்டியதிலிருந்து நான் பேசுவது யாருக்கும் கேட்பதில்லை.

காலையில் பேப்பரைப் பார்த்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மருத்துவக் கல்லூரிகளில் இடங்கள் காலியாகக் கிடக்கின்றனவாம், அதை நிரப்ப நுழைவுத்தேர்வு கட்-ஆஃபைக் குறைத்துவிட்டார்களாம். எவ்வளவுக்கு என்கிறீர்கள்? பூஜ்யத்துக்கும் கீழே! எடை அளவு இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டையர் ஆனவன் நான், தராசு ஒரு நூல் சாய்ந்தாலும் முத்திரை போடமாட்டேன், அலமாரி காலியாக இருக்கிறதே என்று கோணல் தராசுக்கு முத்திரை குத்தச் சொன்னால் குத்துவேனா? ஒன்றுமே எழுதாமல் தூங்கிவிட்டு வந்தவனுக்குக்கூடப் பூஜ்யம் வருமே, அதற்கும் கீழே போக எவ்வளவு பாடுபட்டிருக்க வேண்டும்! நெஞ்சு படபடக்கிறது மச்சான். இதை இனி யாரிடம் காட்டுவது என்று நினைத்தால் இன்னும் படபடக்கிறது.

நம் சின்னவனும் இதே பரீட்சையில் கோட்டைவிட்டவன்தானே. செல்போன் ரிப்பேர் கடையில் சேர்த்துவிட்டேன். முதல் வேலையாக என் போனைப் பிரித்தான். மாட்டி முடித்தால் மேசைமேல் இரண்டு திருகாணி மிச்சம். "என்னடா இது?" என்றேன். "அது எக்ஸ்ட்ராப்பா, இல்லாமலே ஓடும்" என்கிறான். போன்தானே என்று விட்டேன். ஆளைப் பிரித்துவிட்டு இப்படிச் சொன்னால்?

ஆகவே, கல்லுக்கு அவசரமில்லை என்று டாக்டராக நீங்கள் சொன்னதை மறந்துவிடுங்கள். அந்தக் கூட்டம் படித்து வெளியே வருவதற்குள் பித்தப்பை, கண்புரை, முழங்கால் எல்லாவற்றையும் உங்கள் கையாலேயே முடித்துவிடுங்கள். அடுத்த மாதம் தேதி கொடுத்தால் போதும்.

அக்காவுக்கு வணக்கம். குழந்தைகளுக்கு என் ஆசிகள், முக்கியமாக நல்ல உடம்பு.

இப்படிக்கு,
கல்லோடு காத்திருக்கும்
உங்கள் தங்கை வீட்டுக்காரர்

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகும்போது சின்னவன் ஓடிவந்தான். குறைத்த கட்-ஆஃபில் அவனுக்கும் சீட் கிடைத்துவிடுமாம்! கட்டிப்பிடித்து அழுதுவிட்டேன். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். பிள்ளைகள் பதற்றத்தில் நாலு தப்பு எழுதுவதுதான், மைனஸ் என்ன பெரிய மைனஸ். ஆனால் உங்கள் தங்கை சொல்வதைக் கேளுங்கள்: "அண்ணனே அவசரமில்லைன்னுதானே சொன்னாரு? கல்லு அப்படியே இருக்கட்டும். நம்ம பிள்ளை டாக்டராகி முதல் ஆபரேஷனை உங்களுக்கே பண்ணட்டும்!" சின்னவன் என் வயிற்றைத் தடவிப் பார்த்து, "பயப்படாதீங்கப்பா" என்கிறான். மச்சான், அடுத்த மாதமெல்லாம் வேண்டாம். இன்றே பஸ் ஏறுகிறேன், இந்தக் கடிதத்தையும் நானே கொண்டுவருகிறேன். தங்கையிடம் மூச்சு விடாதீர்கள். அந்த இரண்டு திருகாணியும் இன்னும் என் சட்டைப்பையில்தான் இருக்கின்றன.