நம்பர் காட்டும் பெட்டி

போன் மணி அடிக்கும்போதெல்லாம் தனக்கோடியின் கை மாவிலோ மீனிலோ இருக்கும். அன்றும் மத்தி கழுவிக்கொண்டிருந்தாள். தூக்கம் கலைந்து எழுந்துபோய் எடுத்தது அவள் புருஷன் பொன்னுரங்கம்தான்.

"எதிர்வூட்டு அங்காளம்மாளைக் கொஞ்சம் கூப்பிடறீங்களா?" என்றது போனில் ஒரு குரல்.

அஸ்தினாபுரத்தில் அந்தத் தெருவிலேயே போன் இருந்த வீடு அவனுடையது ஒன்றுதான். வாரத்தில் ஆறு நாள் மறைமலை நகரில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கத்துக்காகத்தான் அவன் உயிரோடு இருந்தான். அந்தத் தூக்கத்தில்தான் தெருவே மணியடித்தது.

அடுத்த ஞாயிறு ஒரு சின்னப் பெட்டியோடு வந்தான்.

"இன்னாங்க இது?"

"காலர் ஐடி. கூப்பிடறவங்க நம்பரைக் காட்டும். நம்ம சொந்தக்காரங்கன்னா எடு. அடுத்தவங்களுக்கு வர்றதைத் தொடாதே."

"சரிங்க." தலையாட்டுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

படுத்தான். கண் சொக்கியது. மணி அடித்தது, யாரும் எடுக்காமலே நின்றது. ஆகா! சுகமாகப் புரண்டு கண்ணைத் திறந்தால், கூடம் நிறையப் பெண்கள்.

"உங்க நம்பரா பாருங்கக்கா."

"இல்லடி, எங்க தம்பிது நாலுல முடியும்."

"என் மருமவன் நம்பர் மாதிரி கீது. அஞ்சம்மா, உன் கண்ணாடியைக் குடு."

"இன்னாடி கூத்து இது?" என்று எழுந்தான் பொன்னுரங்கம்.

"நீங்கதானே அடுத்தவங்களுதைத் தொடாதேன்னீங்க? எது யாருதுன்னு எனக்கு இன்னா தெரியும்? அவங்களுக்கு யாரு போன் பண்றாங்கன்னு நாம எட்டிப் பாக்கிறதும் தப்பாச்சே. அதான் அவங்களையே வந்து பாக்கச் சொன்னேன்."

"நீ தூங்கு தம்பி," என்றாள் அங்காளம்மாள், அவன் பாயிலேயே உட்கார்ந்தபடி. "நாங்க மெதுவாப் பேசிக்கிறோம்."

பேஜாராகிவிட்டது. சட்டையை மாட்டினான். "பெருங்களத்தூர்ல ஏகநாதனைப் பாத்துட்டு வரேன்."

போனது தெருமுனை டெலிபோன் பூத் வரைக்கும்தான். அங்கே பெஞ்சில் உட்கார்ந்து கொட்டாவி விட்டான். பொறுக்க முடியாமல் வீட்டுக்குப் போன் போட்டான்.

"கோடி, பெருங்களத்தூர் பஸ் ஸ்டாண்டுலேர்ந்து பேசறேன். கூட்டம் போயிடுச்சா?"

அந்தப் பக்கம் பின்னால் அங்காளம்மாள் ஒவ்வொரு எண்ணாகப் படிப்பது கேட்டது. "அடியே, இது நம்ம முனை பூத்து நம்பராச்சே!" கொல்லென்று ஒரு சிரிப்பு.

தனக்கோடியின் குரல் தேனாக வந்தது. "நல்லதாப் போச்சுங்க. பெருங்களத்தூர்லேர்ந்து வர்ற வழியில, நம்ம முனைக் கடையில எட்டு டீ சொல்லிடுங்க. சூடா பக்கோடா இருந்தா அதையும் ஒரு... இதோ வந்துட்டேன்க்கா!"

டொக்.