எழுதத் தெரியாதவர்கள் வரிசை

"மாப்பிள்ளை, நாளைக்கு நீயும் எழுதத் தெரியாதுன்னுதான் சொல்லணும்" என்றார் ஹாஜி மித்கால்.

போதும் என்பதற்கு அடையாளமாகக் காப்பிக் கிண்ணத்தை ஆட்ட ஆயித் மறந்துபோனான். ஊற்றுகிறவன் மறுபடியும் ஊற்றிவிட்டுப் போனான்.

"மாமா, நான் பள்ளிக்கூடத்துல அரபி வாத்தியார்."

"அதனால என்ன? வக்கீல் ரக்கான் சொல்றேன்னுட்டான்."

"அவர் தொழிலே அதுதானே மாமா?"

ஹாஜி சிரிக்கவில்லை. அவர் மகன் ஃபவ்வாஸ் நகராட்சித் தலைவர் பதவிக்கு நிற்கிறான். போன முறையும் நின்றான். அப்போது பந்தியில் மன்சஃப் கறிச்சோறு சாப்பிட்ட தலைகளுக்கும் பெட்டியிலிருந்து வந்த சீட்டுகளுக்கும் கணக்கு உதைத்தது. வயிறாரத் தின்றுவிட்டு எவனோ மறைப்புக்குப் பின்னால் போய் வேறு பெயரை எழுதியிருக்கிறான். எழுதத் தெரியாதவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. வேட்பாளர் பெயரை வாய்விட்டுச் சொன்னால் அதிகாரியே எழுதிப் போட்டுவிடுவார். பக்கத்தில் இருக்கும் நம் ஆள் காதிலும் விழும். ஆகவே மருந்துக்கடைக்காரர், இன்ஜினீயர்கள், வக்கீல் உட்பட மொத்தக் குலமும் நாளை ஒரு நாளைக்குப் படிப்பை மறந்துவிடுவது என்று தீர்மானம்.

"உன் மேலதான் எல்லாருக்கும் கண்ணு" என்றார் ஹாஜி. "சுவத்துல ஃபவ்வாஸ் பேரை எழுதக் கூடாதுன்னு மனு போட்டவன் நீதானே?"

போட்டது உண்மைதான். ஃபவ்வாஸின் ஆட்கள் ஊரில் ஒரு சுவர் பாக்கி விடவில்லை. பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டியில்கூட அவன் பெயர்.

"உன் குரல் நம்ம ஆள் காதுல விழணும். விழலைன்னா வியாழக்கிழமை கிடையாது."

வியாழக்கிழமை என்பது ஹாஜியின் மகள் வத்ஹாவுக்கும் ஆயித்துக்கும் கல்யாணம். அதற்காக அவன் மூன்று வருஷமாகக் காத்திருக்கிறான்.

ஹாஜியின் மனைவி, ஃபவ்வாஸின் தாய் என்பதால் ஊருக்கே 'உம் ஃபவ்வாஸ்', வழக்கம்போல் வந்து, கணவர் மூக்கில் கண்ணாடியை மாட்டி, பேப்பரை விரித்துக் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். ஹாஜி அதைப் பார்த்து, "உலகம் கெட்டுப்போச்சு" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

அன்று சாயங்காலம் வத்ஹா போனில் பொரிந்தாள். "சொல்லித் தொலைச்சா என்னவாம்?"

"எங்க பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் ஸுஹைர்தான் வாக்குச்சாவடி அதிகாரி. அவன் முன்னாடி போய் எழுதத் தெரியாதுன்னு எப்படிச் சொல்றது?"

"நீங்க ஸுஹைரையா கட்டிக்கப் போறீங்க?"

மறுநாள் காலை ஆயித் வலது கையில் பெரிய கட்டுப் போட்டுக்கொண்டான். கை முடியாதவர்களும் வாயால் சொல்லலாம். மானமும் போகாது, கல்யாணமும் நிற்காது. தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டான்.

வரிசையில் நின்றதுமே பக்கத்து ஆள், "கையில என்ன வாத்தியாரே?" என்றார்.

"விழுந்துட்டேன்."

அது வாசலைத் தாண்டுவதற்குள் "தள்ளிவிட்டார்கள்" ஆனது. தெருமுனைக்குப் போவதற்குள், எதிர்க்கட்சி ஆட்கள் அடித்து ஒடித்துவிட்டார்கள் என்று ஆனது. குலத்துப் பையன்கள் எதிராளியின் பந்தலுக்குள் புகுந்து குனாஃபா இனிப்புத் தட்டுகளைக் கவிழ்த்தார்கள். போலீஸ் வந்தது.

"ஐயோ, யாரும் அடிக்கலை! வெறும் சுளுக்கு!" என்று ஆயித் ஓடிப்போய்க் கத்தவேண்டியதாயிற்று.

வாக்குச்சாவடி வேறெங்கும் இல்லை, ஆயித்தின் சொந்த வகுப்பறையேதான். மூலையில் அட்டை மறைப்பு. அதற்கு மேலே சுவரில் அவன் கைப்பட எழுதி மாட்டிய பலகை: 'சுவரில் எழுதாதே.'

முதல் ஆளாக ஹாஜி வந்து போயிருந்தார். வாக்குச்சீட்டையும் பென்சிலையும் கம்பீரமாக வாங்கி, "என்னை யாருப்பா சந்தேகப்படப் போறாங்க?" என்று சொல்லிவிட்டு மறைப்புக்குப் பின்னால் போனாராம். அவருக்குப் பிறகு வந்த குலத்தார் அத்தனை பேரும் எழுதத் தெரியாதவர்கள்.

ஸுஹைர் கட்டைப் பார்த்தான். "சுளுக்குன்னு நீங்கதானே உஸ்தாத் வெளியில கத்தினீங்க? சுளுக்குக்கெல்லாம் சட்டத்துல இடமில்லை. இடது கையால எழுதுங்க. இல்லைன்னா எழுதத் தெரியாதுன்னு சொல்லுங்க. ஆனா வாய்விட்டுச் சொல்லணும்."

அறையில் ஆயித்தின் பழைய மாணவர்கள் நாலு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவன் குனிந்து ஸுஹைரின் காதில், எழுதத் தெரியாது என்பதையும் ஃபவ்வாஸ் பெயரையும் சேர்த்துக் கிசுகிசுத்தான். ஸுஹைர் எழுதிப் போட்டான். பக்கத்தில் இருந்த ஃபவ்வாஸின் ஆள் கழுத்தை எவ்வளவு நீட்டியும் காதில் ஒன்றும் விழவில்லை; ஆயித்தின் முதுகு மறைத்ததில் எழுதியது யார் என்றுகூடத் தெரியவில்லை.

சாயங்காலம் எண்ணிக்கை. ஸுஹைர் ஒவ்வொரு சீட்டாக உரக்கப் படித்துக்கொண்டே வந்தவன், ஒன்றில் நின்றுவிட்டான். சீட்டைத் தூக்கிக் காட்டினான்.

"சுவரில் எழுதாதே" என்று படித்தான். "செல்லாது."

ஃபவ்வாஸ் ஒரே வாக்கில் தோற்றான். அந்த ஒன்று விழுந்திருந்தால் சமமாகி, சீட்டுக் குலுக்கியாவது பார்த்திருக்கலாம்.

ஹாஜி வீட்டுக் கூடத்தில் குலமே கூடியிருந்தது. ஆயித் நடுவில் நின்றான். ஃபவ்வாஸ் அந்தச் சீட்டைப் போனில் படமெடுத்து வந்திருந்தான்.

"இதுதான் அந்தச் சீட்டு. நக்கல் பண்றியாடா வாத்தி?"

"இது என் எழுத்தா? கோணல் மாணலா இருக்கே!"

"கட்டுப் போட்ட கையில எழுதினா வேற எப்படி இருக்கும்?"

ஆயித் கட்டைப் பிய்த்து எறிந்தான். "கைக்கு ஒண்ணுமே இல்லை! பொய்க்கட்டு!"

"பார்த்தீங்களா, பொய்க்கட்டாம்!" என்றார் வக்கீல் ரக்கான், பொய்யையே அறியாதவர் போல.

"எனக்கு எழுதினது ஸுஹைர். அவனையே கேளுங்க." ஆயித் போன் போட்டு எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தான்.

"உஸ்தாத், நீங்க யாருக்குப் போட்டீங்கன்னு நான் சொல்லக் கூடாது" என்றது ஸுஹைரின் குரல். "வாக்கு ரகசியம். என் வேலை போயிடும்."

கூடத்தில் யாரோ காறித் துப்பினார்கள். ஃபவ்வாஸின் போன் கைமாறி ஹாஜியிடம் போனது. அவர் அந்தப் படத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"எழுத்து ஒண்ணும் மோசமில்லையே" என்றார்.

"எழுத்தை விடுங்கப்பா! 'சுவரில் எழுதாதே'ன்னு எழுதியிருக்கான்!"

"என்னன்னு எழுதியிருக்கு?"

"சுவரில் எழுதாதே!"

ஹாஜியின் முகம் வெளுத்துவிட்டது. கிழவருக்கு நெஞ்சு வலியோ என்று ஒருவன் தண்ணீருக்கு ஓடினான்.

"வியாழக்கிழமை கிடையாதுன்னு உங்க வாயால சொல்லுங்கப்பா" என்றான் ஃபவ்வாஸ். கதவுக்குப் பின்னாலிருந்து வத்ஹா விசும்புவது கேட்டது. ஆயித் கணக்குப் போட்டுப் பார்த்தான். பொய்யும் சொல்லியாயிற்று, மானமும் போயிற்று, அவளும் இல்லை.

ஹாஜி பக்கத்தில் கிடந்த பேப்பரை எடுத்து விரித்து, அதற்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

உம் ஃபவ்வாஸ் ஆண்கள் கூட்டத்தைப் பொருட்படுத்தாமல் நேரே உள்ளே வந்தாள். கணவர் கையிலிருந்து பேப்பரை வாங்கினாள். தலைகீழாக இருந்ததை நேராகத் திருப்பி மறுபடியும் அவர் கையில் கொடுத்தாள்.

"மாப்பிள்ளையைத் திட்டாதேடா" என்றாள் மகனிடம். "ஊர்ல ஒரு சுவரு விடாம உன் பேரை எழுதிவெச்சா, சுவத்துல இருக்கறதெல்லாம் உன் பேருதான்னு உங்கப்பா நெனைக்க மாட்டாரா?"