கீர்த்திகா ஸ்டார்

அச்சகத்திலிருந்து வந்த பட்டாசு லேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் தனுஷ்கோடி. எங்கே பார்த்தாலும் கறுப்பு.

"என்னய்யா இது? எம் மக கண்டுபிடிச்சது எங்க?"

"நீங்கதான மொதலாளி கருந்துளை போடச் சொன்னீக?" என்றார் ஃபோர்மேன் செல்லச்சாமி. "வானமும் கறுப்பு, துளையும் கறுப்பு. வேற எப்படி வரும்?"

திருத்தங்கலில் சின்னதாகப் பட்டாசுக் கம்பெனி வைத்திருக்கும் தனுஷ்கோடிக்குக் கொஞ்ச நாளாகக் கால் தரையில் பாவவில்லை. புனே பக்கம் ரேடியோத் தொலைநோக்கியில் ஆராய்ச்சி செய்யும் மகள் கீர்த்திகாவின் படம் பேப்பரில் வந்துவிட்டது. எங்கோ ஒரு ராட்சதக் கருந்துளை, பக்கத்தில் போன நட்சத்திரத்தைப் பிய்த்து, பாதியை விழுங்கிப் பாதியை வீசி எறிந்ததாம். வெளிச்சம் மங்கிவிட்டது, ரேடியோ அலையும் வரவில்லை என்று மற்றவர்கள் வேறு வேலை பார்க்கப் போய்விட, இவள் மட்டும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். வருஷக்கணக்கில் காத்திருந்த பிறகு ரேடியோ அலை பொங்கிக்கொண்டு வந்ததாம். விருதுநகர் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவர் யாரானாலும், ஆமத்தூர் வருவதற்குள் இந்தக் கதையைக் கேட்காமல் தப்ப முடியாது.

அப்பேர்ப்பட்ட மகள் சனிக்கிழமை வருகிறாள், கூட வேலை பார்க்கும் இசைவாணியோடு. மகளைக் கௌரவிக்க அவருக்குத் தெரிந்தது ஒரே வழிதான். புதுசாக ஒரு வானவெடி. பேர் 'கீர்த்திகா ஸ்டார்'. உச்சியில் வெள்ளி நட்சத்திரமாக விரிந்து, பாதி கீழே சரிய, பாதி தெறித்துப் பறக்க வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. "அண்ணாச்சி வெடிய தீவாளிக்குப் பத்தவச்சா பொங்கலுக்குத்தான் சத்தம் கேக்கும்" என்று பக்கத்துக் கம்பெனி நல்லசிவம் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். கேலிதான் என்றாலும் பொய்யில்லை. இந்த ஒரு வெடியாவது நேரத்துக்கு வெடித்தாக வேண்டும். மகள் பேராயிற்றே!

"கறுப்பைக் குறைச்சுட்டு பாப்பா போட்டோவைப் போடச் சொல்லும்" என்றார் செல்லச்சாமியிடம்.

அடுத்து வந்த லேபிளைப் பார்த்துவிட்டு அவர் மனைவி பாலம்மாள் கையில் கரண்டியோடு வந்தார். கருந்துளை, கீர்த்திகாவின் முகத்தில் பாதியை முழுங்கியிருந்தது.

"பெத்த பிள்ளைய ரெண்டாக் கிழிக்க ஒங்களுக்கு எப்படிங்க மனசு வந்துச்சு?"

"நட்சத்திரத்தைத்தாம்மா கிழிக்கச் சொன்னேன்!"

மறுபடி அச்சடித்தார்கள். இப்போது முகம் முழுசாக, சிரித்தபடி வந்தது. அதற்கு நேர் கீழே, எல்லாப் பட்டாசிலும் இருக்கிற மாதிரி, 'பற்றவைத்தவுடன் விலகி ஓடவும்' என்ற எச்சரிக்கையும் வந்தது.

"நல்லாருக்கு! பொண்ணு பாக்க வாரவுக இதைப் படிச்சா வெளங்கிரும்" என்றார் பாலம்மாள்.

லேபிளே வேண்டாமென்று முடிவாயிற்று.

சனிக்கிழமை பொழுது சாயும் நேரம். கம்பெனிக்குப் பின்னால் பொட்டலில் நாற்காலி போட்டு, பஜ்ஜி கொடுத்து, மகள், இசைவாணி, ஊரார் எல்லோரையும் உட்கார வைத்தார் தனுஷ்கோடி. நல்லசிவம் கூப்பிடாமலே வந்து முன்வரிசையில் இருந்தார். "எம் மக பேருல போடுதேன்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

செல்லச்சாமி பற்றவைத்துவிட்டு ஓடி வந்தார். திரி சர்ரென்று எரிந்து குழாய்க்குள் போயிற்று. அப்புறம் ஒன்றுமில்லை.

"அப்ப, பொங்கலுக்கு வாரேன் அண்ணாச்சி" என்று நல்லசிவம் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

என்ன ஆயிற்று என்று பார்க்கச் செல்லச்சாமி ஓரடி எடுத்து வைத்தார்.

"கிட்டப் போகாதீக! கண்ணையும் எடுக்காதீக!"

அப்பாவும் மகளும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். நடக்கப் பழகிய நாளிலிருந்து கீர்த்திகா அந்தப் பொட்டலில் கேட்டு வளர்ந்த வாக்கியம் அது. இசைவாணி ஆச்சரியத்தோடு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

பஜ்ஜி ஆறியது. நல்லசிவம் கேட்டைத் தாண்டியிருப்பார்.

டமார்!

வெள்ளி நட்சத்திரம் ஒன்று வானம் கொள்ளாமல் விரிந்தது. பாதி கீழே சரிய, பாதி தெறித்துப் பறந்தது. கேட்டுக்கு வெளியே நல்லசிவம் அண்ணாந்தபடி நின்றுவிட்டார். கீர்த்திகா குதித்துக் குதித்துக் கை தட்டினாள்.

தனுஷ்கோடி மட்டும் தலை நிமிரவில்லை. "ஒம் பேரை வச்சும் லேட்டாத்தான் வெடிச்சிருக்கு. ஒம் பேரையும் கெடுத்துட்டேன் தாயி."

இசைவாணி ஏதோ சொல்ல வாயெடுக்க, கீர்த்திகா சட்டென்று அவள் வாயைப் பொத்தப் போனாள். இசைவாணி விலகிக்கொண்டு சொன்னாள்:

"இவ பேரை எதுக்குப்பா வச்சீங்க? ரொம்ப நாள் கழிச்சுப் பொங்குற நட்சத்திரத்துக்கெல்லாம் எங்க ஆபீஸ்ல 'தனுஷ்கோடி'ன்னுதானே இவ பேர் வச்சிருக்கா!"