மூத்தோர் அட்டையும் அதனோடு வந்த ஆளும்

ரிச்ஃபீல்டு, யூட்டா
ஆகஸ்ட் மாதத்து ஞாயிறு, சர்ச் முடிந்து சாப்பிட்ட பிறகு

மதிப்பிற்குரிய தமக்கையார் வெர்லா அவர்களுக்கு, தம்பி டுவெயின் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் இடது முழங்காலும் நலம். வலது முழங்கால் கட்சி மாறிவிட்டது. ஐடஹோவில் நீயும், அத்தானின் காதுக் கருவியும், உன் தக்காளிச் செடிகளும் சௌக்கியமாக இருக்க ஆண்டவரை வேண்டிக்கொள்கிறேன். ஜூன் மாதம் உன் ஒட்டுத்துணிப் போர்வைகளைத் தூக்கிக்கொண்டு மோவாப் கண்காட்சிக்குப் போகிற வழியில் இங்கே வந்து, "ஏப்ரல்ல மகனோட போனியே, எப்படிடா இருந்துச்சு?" என்று கேட்டாய். நான் வெயிலைப் பற்றிப் பேசி மழுப்பினேன். அதற்குப் பிறகு மூன்று கடிதம் போட்டுவிட்டாய். இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நீயே கிளம்பி வந்துவிடுவாய் என்ற பயத்தில் எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

உனக்குத் தெரியும், கர்ட்டிஸ் எனக்குக் கிறிஸ்துமஸுக்கு ஒரு தரம் போன் செய்வான், வண்டி இன்ஜினில் சத்தம் கேட்டால் இன்னொரு தரம் செய்வான். பிப்ரவரியில் போன் வந்ததும் யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். "அப்பா, ஏப்ரல்ல பாலைவனம் பூரா ஒரு சுத்து சுத்தப் போறோம். சயன், பிரைஸ், கேப்பிட்டல் ரீஃப், ஆர்ச்சஸ், நாலு பூங்கா. நீங்களும் வாங்க" என்றான். "நானாடா?" என்றேன். "ஆமாப்பா. உங்களுக்கு எழுபது தாண்டிருச்சுல்ல?" "எழுபத்தொண்ணு." "நல்லது, நல்லது. அந்த மூத்தோர் அட்டை ஒண்ணு வாங்கினீங்களே, பத்திரமா இருக்கா?" நீயும் ஒன்று வைத்திருக்கிறாயே அக்கா, அறுபத்திரண்டு ஆனால் கொடுப்பார்களே, ஒரு கிழம் அட்டையோடு காருக்குள் உட்கார்ந்திருந்தால் போதும், கூட இருக்கிற தடியன்கள் எல்லாரும் ஒரு டாலர் கொடுக்காமல் தேசியப் பூங்காவுக்குள் போகலாமே, அந்த அட்டைதான். பிள்ளை என் வயதைக் கேட்கிறான், நான் பொருளைப் பத்திரமாக வைத்திருக்கிறேனா என்று கவலைப்படுகிறான், எவ்வளவு அக்கறை என்று பூரித்துப்போனேன். அறிவு கெட்ட கிழவன்.

அதற்குப் பிறகு தொடங்கியது திட்டமிடுதல். உலகப் போரில் நார்மண்டிக் கரையில் படை இறக்கியவர்கள்கூட இவ்வளவு திட்டம் போட்டிருக்க மாட்டார்கள். ஞாயிறுதோறும் கம்ப்யூட்டர் திரையில் கூட்டம், தலைமை என் மருமகள் மெரிடித். அவள் ஊர் பேர் தெரியாதவர்கள் எழுதிய அபிப்பிராயங்களை எல்லாம் படித்துவிட்டு வருவாள். எவனோ ஒருவன் பிரைஸ் பள்ளத்தாக்குக்கு ஒரே ஒரு நட்சத்திரம் போட்டு, "வெறும் கல்லு. கீழ இறங்கினா திரும்ப மேல ஏறணும்" என்று எழுதியிருந்தானாம். அதைப் பற்றி அரை மணி நேரம் விவாதம். போகிற வழியெல்லாம் காட்சியாக இருக்க வேண்டும், காட்சி இல்லாத சாலையில் சக்கரம் படக்கூடாது என்று பெரிய நெடுஞ்சாலையையே தள்ளிவைத்துவிட்டாள். மூன்று மணி நேரத்தில் போகிற இடத்துக்கு ஏழு மணி நேரம். உட்கார்ந்து சாப்பிட எங்கேயும் நேரம் ஒதுக்கவில்லை. காலையில் ஒரு பாறையில் சூரிய உதயம், மாலையில் இன்னொரு பாறையில் அஸ்தமனம், நடுவில் மடியில் வைத்து சாண்ட்விச். "மாமா, சாப்பாடு வீட்டுலயும் சாப்பிடலாம். இந்தக் காட்சி வீட்டுல கிடைக்குமா?" என்பாள். இந்தச் சாலைகளுக்கெல்லாம் முப்பது வருஷம் மஞ்சள் கோடு போட்டவன் நான். பெயிண்ட் லாரியின் பின்னால் குனிந்து உட்கார்ந்து கோடு நேராக விழுகிறதா என்று பார்த்தவன். ஏதாவது யோசனை கேட்பார்களென்று காத்திருந்தேன். கேட்டார்கள். எத்தனை மணி நேரம் சிறுநீரை அடக்குவீர்கள் என்று கேட்டார்கள்.

அது எப்படி வந்தது என்றால், வண்டி பெரியதுதான், ஆனால் பின்வரிசையை ஐஸ்பெட்டியும் கூடாரமும் எடுத்துக்கொண்டன. கர்ட்டிஸ், மெரிடித், பேத்தி கென்னா, அவள் தம்பி போக மிச்சம் ஒரே இருக்கை. போட்டிக்கு வந்தவள் மெரிடித்தின் அம்மா, நம் சம்பந்தியம்மா கிளெண்டா. திரையில் தலையை ஒரு பக்கம் சாய்த்து, "எனக்கு இன்னும் அறுபத்திரண்டே ஆகல, ஆகஸ்ட்லதான் ஆகுது. அந்த வயசான மனுஷனை ஏன் போட்டு அலைக்கழிக்கிறீங்க?" என்றாள். மெரிடித் யோசித்தாள். "ரெண்டு பேரும் தப்பா நினைக்காதீங்க, நிறுத்தாம எவ்வளவு நேரம் தாங்குவீங்க?" என்றாள். நான் மார்பை நிமிர்த்தி, "பெரிய கப் ரூட் பியர் சோடா குடிச்சிட்டு இங்கேருந்து கிரீன் ரிவர் வரைக்கும், முழுசா ரெண்டு மணி நேரம், நிறுத்தாம போவேன்" என்றேன். கிளெண்டா முனகிக்கொண்டு ஒரு மணி நேரம் என்றாள். இருக்கை எனக்குத்தான் என்று தீர்ப்பானது. அந்த வெற்றியை முடிவெட்டுகிற கடையில் ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தேன், அக்கா. நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

ஏப்ரலில் கிளம்பினோம். சயன் பூங்காவின் வாயிலுக்கு வந்தோம். சாவடியில் இருந்த பெண், "சார், அட்டை ஏதாவது வச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள். என் மகன், நான் பெற்ற பிள்ளை, திரும்பிக்கூடப் பார்க்காமல் கட்டைவிரலைத் தோளுக்குப் பின்னால் காட்டி, "பின் சீட்டுல இருக்கு" என்றான். அந்த விரல் என் சட்டைப் பையைக் காட்டவில்லை, என்னையே காட்டியது. மற்றதைப் பேத்தி முடித்துவைத்தாள். "பாட்டிதான் வர்றதா இருந்துச்சு தாத்தா. அவங்களுக்குத்தான் இன்னும் அட்டை தர மாட்டாங்களே." "கென்னா!" என்று அதட்டினாள் மெரிடித். நான் சிரித்தேன். எனக்கு வலித்தது, அக்கா. உன்னிடம் மறைப்பானேன், ரொம்ப வலித்தது. எழுபத்தொரு வயதில் ஒருவர் நம்மைக் கூப்பிட்டாரே என்று புதுச் சட்டை இரண்டு வாங்கியிருந்தேன்.

வாயில் தாண்டியதும் என் வேலை முடிந்தது. சயனில் குலுக்கலில் விழுந்த அனுமதிச் சீட்டோடு அவர்கள் செங்குத்துப் பாறையில் ஏறப் போனார்கள், நான் வண்டிக்குக் காவல். பிரைஸில் இன்னும் மேல். அங்கே அஸ்தமனத்துக்கு நல்ல இடத்தில் வண்டி நிறுத்த இடமே கிடைக்காது என்று யாரோ எழுதியிருந்தானாம். "அப்பா, இந்தக் கட்டம் காலியா இருக்கு. நீங்க இங்க நில்லுங்க, நாங்க அந்தப் பக்கம் பாத்துட்டு வந்துடுறோம்" என்று இறக்கிவிட்டுப் போனான். நின்றேன். ஒரு காருக்குப் பதிலாக நான் நின்றேன். டெக்சஸ்காரன் ஒருவன் லாரி அளவு வண்டியை என் தொப்பைக்கு ஒரு முழத்தில் கொண்டுவந்து நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, "பெரியவரே, நீங்க என்ன, காரா?" என்றான். "கார் வந்துக்கிட்டே இருக்கு" என்றேன். "என் கார் வந்துருச்சே!" "எங்களது காட்சி பாக்கப் போயிருக்கு." அவன் மனைவி இறங்கி வந்து எனக்கு உடம்பு சரியில்லையா, யாராவது விட்டுவிட்டுப் போய்விட்டார்களா என்று பரிவாகக் கேட்டாள். எந்தக் கேள்விக்கும் இல்லை என்று சொல்ல முடியவில்லை. கடைசியில் ரேஞ்சர் வந்து, ஆள் நின்று இடம் பிடிக்கக் கூடாது என்று என்னை ஓரமாக நிற்க வைத்தார். உலகமெல்லாம் பார்க்க ஆசைப்படும் பிரைஸில் நான் பார்த்தது வண்டி நிறுத்தும் கட்டங்களின் வெள்ளைக் கோடுகளை. ஒரு கோடுகூட நேராக இல்லை. வண்டி வந்ததும் மெரிடித், "ஐயோ மாமா, இடத்தை விட்டுட்டீங்களா?" என்றாள்.

கேப்பிட்டல் ரீஃப் கதை வேண்டாம், அங்கேயும் பார்க்கிங்தான். அங்கிருந்து ஆர்ச்சஸ் போகிற வழியில், நீ பிறகு மோவாப் போன அதே சாலையில், கண்ணுக்கெட்டிய தூரம் மண்ணும் கல்லும் தவிர வேறில்லாத ஓர் இடத்தில், ஒற்றைக் கழிப்பறை கண்டு நிறுத்தினார்கள். தண்ணீர் கிடையாது, கீழே ஆழமான குழி, உனக்குத் தெரியுமே. நான் உள்ளே போய்க் குனிந்தேன். சட்டைப் பையிலிருந்து அட்டை வழுக்கியது, ஓரத்தில் ஒரு தரம் தட்டியது, போய்விட்டது. இது சத்தியம், அக்கா, நம் அம்மா மீது ஆணை. வெளியே வந்து பேசாமல் வண்டியில் உட்கார்ந்தேன். அட்டையும் போன பிறகு இந்த இருக்கையில் நான் எதற்கு? அடுத்த பெட்ரோல் பங்கில் இறக்கிவிட்டு பஸ் ஏற்றி அனுப்பிவிட்டால்? பிள்ளை என்னைக் கூப்பிட்டானா, அட்டையைக் கூப்பிட்டானா என்பது இன்னும் சற்று நேரத்தில் தெரிந்துவிடும். தெரியாமலே இருந்தால் தேவலை என்று தோன்றியது.

ஆர்ச்சஸ் வாயிலில் கார்கள் ரயில் மாதிரி நின்றன. எங்களுக்கு முன்னால் இரண்டே வண்டி இருக்கும்போது சொன்னேன். "கர்ட்டிஸ், அட்டை விழுந்துருச்சுடா." "எங்க?" "குழியில." "எந்தக் குழி?" "நான் போன குழி." பேரன் முதலில் சிரித்தான். மெரிடித், "திரும்பிப் போய் எடுத்துடலாமா?" என்றாள். "யாரு எடுக்கிறது?" என்றான் கர்ட்டிஸ். எல்லாரும் அவனையே பார்த்தார்கள். அதற்குள் எங்கள் முறை வந்தது. பல் பிடுங்கப் போகிறவன் முகத்தோடு பணத்தைக் கட்டினான். நான் வழக்கம்போல, "என்னை எங்க இறக்கிவிடப் போறீங்க? இடம் பிடிக்கணுமா?" என்றேன். மெரிடித் இந்தப் பக்கம் திரும்பி, "இடமாவது ஒண்ணாவது! காசு கொடுத்திருக்கோம் மாமா. எல்லாரும் பாத்தாகணும். நீங்களும் இறங்குங்க!" என்றாள். இலவசமாக வந்த வரைக்கும் நான் எதையும் பார்க்கவில்லை. காசு கட்டியதும் ஒரு வளைவுகூட விடாமல் பார்க்க வைத்தார்கள்.

அப்படித்தான், அக்கா, அந்த இரட்டைப் பாறை வளைவின் கீழே போய் உட்கார்ந்தேன். மேலே பார்த்தேன். தொப்பி விழுந்தது, எடுக்கத் தோன்றவில்லை. கர்ட்டிஸ் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "வேலையில இருக்கும்போதே இதெல்லாம் பாத்திருப்பீங்களேப்பா?" என்றான். "எங்கடா. கோட்டைத்தான் பாத்தேன்" என்றேன். அவன் உலர்ந்த மாட்டிறைச்சியைப் பாதி பிய்த்து எனக்குக் கொடுத்தான். "சின்ன வயசுல, ரோடு எல்லாம் வளைஞ்சு போறது நீங்க கோட்டை வளைச்சுப் போட்டதாலதான்னு நினைச்சேன். ஸ்கூல்ல அப்படித்தான் சொல்லி அடி வாங்கினேன்." "ரோடுதாண்டா வளையும், கோடு அது பின்னாடி போகும்." "இப்ப தெரியுதுப்பா" என்றான். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் மென்றுகொண்டிருந்தோம். எனக்கு அது போதுமாக இருந்தது. மெரிடித் எங்களைப் படம் எடுத்துவிட்டு, அடுத்த வளைவுக்கு நேரமாகிவிட்டது என்று கத்தினாள்.

இதையெல்லாம் இன்றைக்கு எழுதக் காரணம், வியாழக்கிழமை கர்ட்டிஸ் கூப்பிட்டான். அக்டோபரில் அரிசோனா பக்கம் இன்னொரு சுற்றாம். "புது அட்டை வாங்கிட்டீங்களாப்பா?" என்றான். "இல்லடா" என்றேன். அந்தப் பக்கம் ஒரு மௌனம். அதற்குள் ஒரு பெயிண்ட் லாரி மேடேறி இறங்கியிருக்கும். அப்புறம், "சரி, பரவாயில்ல. நீங்க வாங்க" என்றான். கேட்டாயா, அக்கா? அட்டை இல்லாமல், வெறும் ஆளாக, என்னை வரச் சொல்கிறான். இனி எந்த அட்டையையும் கையால் தொட மாட்டேன். மனுஷனுக்கு மரியாதை அவன் பிள்ளையிடம் இருக்கிறது, பிளாஸ்டிக்கில் இல்லை. இதை அத்தானுக்கு அவர் காதருகில் உரக்கப் படித்துக் காட்டு.

உன் வீட்டுக் கூரை ஒழுகாமலும், உன் போர்வைகள் பரிசு தவறாமலும் ஆண்டவர் காப்பாராக. அத்தானுக்கு என் வணக்கம், தக்காளிக்கு என் விசாரிப்பு.

உன் அன்புத் தம்பி,
டுவெயின் கிறிஸ்டென்சன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது மெரிடித் கூப்பிட்டாள். கிளெண்டாவுக்குப் போன வாரம் அறுபத்திரண்டு ஆகிவிட்டதாம். அன்றைக்கே போய் அட்டை வாங்கிவிட்டாளாம். டாக்டர் கொடுத்த மாத்திரையில் இப்போது இரண்டு மணி நேரம் தாங்குகிறாளாம். வண்டியில் இன்னமும் ஒரே இருக்கைதான். ஆகவே உன்னிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். அட்டை குழியில் விழவில்லை. அன்றிலிருந்து என் வலது ஷூவின் உள்தட்டுக்கு அடியில்தான் இருக்கிறது, முழங்கால் வலி அதனால்கூட இருக்கலாம். அம்மா மன்னிப்பாள். அட்டை கிடைத்துவிட்டது என்று கர்ட்டிஸுக்கு உடனே போன் போட்டுச் சொல்லிவிட்டேன். குழிக்குள் விழுந்தது எப்படிக் கிடைத்தது என்று கேட்டான். அந்த அவசரத்தில் எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. ஜூன் மாதம் மோவாப் போகிற வழியில் நீ அந்தக் குழிக்குள் இறங்கி எடுத்தாய் என்று சொல்லிவிட்டேன். "வெர்லா அத்தையா?" என்று இரண்டு தரம் கேட்டான், ஆனால் நம்பிவிட்டான். உனக்கு நன்றி சொல்ல அடுத்த ஞாயிறு கூப்பிடுவான். மறுத்துவிடாதே.