இரண்டு ரோசாவும் ஒரு மேல்வீடும்

சிவப்பு ரோசாவைக் குத்துவதா, வெள்ளை ரோசாவைக் குத்துவதா? அந்தச் சனிக்கிழமை தயாநிதிக்குத் தலைபோகிற பிரச்சினை இதுதான்.

இரண்டும் தகரத்தில் செய்த சின்ன பட்ஜுகள். சுவிட்சர்லாந்தில், ஊஸ்டரில் அவன் கோப்பை கழுவிய ரெஸ்டோரண்டின் குசினியில், தொட்டிக்குப் பக்கத்தில் நின்று இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒண்டையும் குத்தாமல் விடன்," என்றான் சிறீதரன், சலாட் இலைகளைக் கிள்ளியபடி. அவன் அகதிக் காம்பில் தயாநிதிக்குப் பக்கத்துக் கட்டில்காரன்.

"குத்தாட்டி ரெண்டு பேரும் கோவிப்பினம்."

"அப்ப ரெண்டையும் குத்து."

"குத்தினா ரெண்டு பேரும் கொல்லுவினம்."

அது எண்பத்தைந்தாம் ஆண்டு. அகதி அனுமதிக் கடதாசியை மடித்து மடித்தே கிழித்துக்கொண்டு திரிந்த காலம். ஊருக்கு ஒதுக்குப்புறத்தில் நெசவு இயந்திரம் செய்யும் தொழிற்சாலை ஒன்று இருந்தது. அங்கே இரண்டு ஆங்கிலேயர் ஃபிட்டர் வேலை பார்த்தார்கள். ஹரோல்ட் என்பவர் லங்காஷயரில் ஓல்டம்காரர். அந்தக் கவுண்டிக்குச் சின்னம் சிவப்பு ரோசா. ஸ்டான்லி என்பவர் யோர்க்ஷயரில் ஹடர்ஸ்ஃபீல்ட்காரர். அதற்கு வெள்ளை ரோசா. இரண்டு பட்டணத்துக்கும் நடுவில் ஒரு மலைதான். அவர்கள் பேச்சைக் கேட்டால் நடுவில் ஒரு சமுத்திரமே கிடக்கிறது என்று நினைக்கத் தோன்றும்.

இருவருக்கும் உயிர் றக்பி லீக். பதின்மூன்று பேர் முட்டை வடிவப் பந்தை அணைத்துக்கொண்டு ஓட, மற்றப் பதின்மூன்று பேர் அவர்களை அணைத்துக்கொண்டு விழுகிற விளையாட்டு அது. தயாநிதி அதை வாழ்நாளில் பார்த்ததில்லை. ஆனால் யாழ்ப்பாணத்தில் படித்த இங்கிலீஷ் அவனிடம் இருந்தது. இருவருக்கும் பியர் கேட்பதற்கு மேல் ஜெர்மன் தெரியாது. ஆகவே அவர்கள் வேலை முடிந்து ரெஸ்டோரண்டுக்கு வந்தால் கூட இருந்து கதைக்கும்படி முதலாளி அவனைப் பணித்திருந்தார். ஹரோல்ட் புதன்கிழமை வருவார். ஸ்டான்லி வெள்ளிக்கிழமை வருவார். ஒருவருக்குக் காலை ஷிப்ட் என்றால் மற்றவருக்கு மாலை ஷிப்ட்.

"பதினொரு வருசத்துக்கு முந்தி அரசாங்கம் ஒரு கோடு கீறி, ஓல்டமை லங்காஷயரில இருந்து வெட்டிப்போட்டுது," என்று ஒரு புதன்கிழமை ஹரோல்ட் மேசையில் குத்தினார். "பேப்பரில வெட்டினா ஊர் வெட்டுப்படுமோ? நான் சாகுமட்டும் லங்காஷயர்க்காரன். நீ எந்தப் பக்கம், தயா?"

வந்தவர் முகம் கறுக்க எதிர்த்துக் கதைத்துப் பழகாத பிள்ளை அவன். அதோடு, வரைபடம் வெட்டிவிட்ட ஊருக்காக ஒரு மனிதர் கண்கலங்குவதைப் பார்த்துக்கொண்டு மாறிச் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை.

"உங்கட பக்கம்தான், சேர்," என்றான்.

வெள்ளிக்கிழமை ஸ்டான்லி, றக்பி லீக் பிறந்ததே தன்னுடைய ஹடர்ஸ்ஃபீல்டில்தான் என்றும், லங்காஷயர்க்காரருக்குப் பந்து எந்தப் பக்கம் கூர் என்றுகூடத் தெரியாது என்றும் சொல்லிவிட்டு அதே கேள்வியைக் கேட்டார்.

"உங்கட பக்கம்தான், சேர்."

இப்படித்தான் இரண்டு ரோசாவும் வந்து சேர்ந்தன. பிறகு வீட்டுக் கதையும் வந்தது.

தயாநிதியின் மனைவி ஜெயகௌரி பாசலில் தன் தமக்கை வீட்டு வரவேற்பறையில் படுத்தெழும்பினாள். தையில் பிள்ளை பிறக்க இருந்தது. ஞாயிறுதோறும் ரயிலேறிப் போய், தமக்கையின் பிள்ளைகள் சுற்றி நிற்க, பெண்டாட்டியோடு "சாப்பிட்டியோ" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேச முடியாமல் திரும்பி வருவான். காம்பில் குடும்பத்துக்கு இடமில்லை. தமிழர் என்றால் வீடு கொடுக்க அப்போது பலர் யோசித்தார்கள்.

இதைக் கேட்டதும் ஹரோல்ட், "நான் இருக்கிற வீட்டில மேல்தட்டு காலியாகப்போகுது. கோட்டையடியில. வீட்டுக்காரி பொல்லாத மனுசி, நான் சொன்னாத்தான் கேப்பா. நீ லங்காஷயர் ஆள் எல்லோ, சொல்லுறன். என்ன, அங்க ஒரு முரடன் இருக்கிறான், என்ர தேயிலையைக் களவெடுக்கிறவன்," என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஸ்டான்லி, "எங்கட வீட்டிலயும் மேல்தட்டு ஒண்டு வருது. தேவாலயத்துக்குப் பின்னால. வீட்டுக்காரி தங்கமான மனுசி. யோர்க்ஷயர் ஆளுக்கு நான் சொல்லாமல் ஆர் சொல்லுறது?" என்றார்.

"ரெண்டு வீடு, மச்சான்!" என்று தயாநிதி சிறீதரனைக் கட்டிப்பிடித்தான். "ஒண்டு தவறினாலும் மற்றது கிடைக்கும்."

"ரெண்டு பேரும் சந்திச்சா?"

"சந்திக்க மாட்டினம். முகம் பாக்க விருப்பமில்லாமல்தானே ஒருத்தர் புதனும் மற்றவர் வெள்ளியுமா வாறினம்."

அவன் அப்படி நினைத்ததற்குக் காரணம் இருந்தது. அவனுடைய ஊருக்கும் பக்கத்து ஊருக்கும் நடந்த ஒரு ஃபுட்போல் ஃபைனலில் கொடுத்த பெனால்டியால் அவனது சின்ன மாமாவின் கல்யாணச் சம்பந்தமே குழம்பியது. அதன் பிறகு இரண்டு ஊருக்குமிடையே போக்குவரத்தில்லை. அந்த ஊர்க் கடையில் அம்மா சீனிகூட வாங்கியதில்லை. எதிர்க் கழகத்துக்காரன் என்றால் அவன் வீட்டில் தண்ணீர் குடிப்பதா? தயாநிதிக்கு இது ஆராய்ச்சி தேவைப்படாத விஷயம்.

இப்படி இருந்த நிம்மதியில்தான் முதலாளி மண்ணைப் போட்டார். நவம்பரில், பிரிட்டன் நியூசிலாந்தோடு ஆடும் மூன்றாவது ஆட்டத்தைத் தன்னுடைய பெரிய ரேடியோவில் போடுகிறேன் என்று இருவருக்கும் சொல்லிவிட்டார். சனிக்கிழமை இருவருக்கும் லீவு.

தயாநிதி கடைசியில் சிவப்பு ரோசாவைக் குத்திக்கொண்டு, பின்வாசலில் போய் நின்றான். ஹரோல்ட் வந்ததும் மறித்தான்.

"முன்னுக்கு ஒரே சிகரெட் புகை, சேர். உங்களுக்கெண்டு குசினியில இடம் வைச்சிருக்கிறன்."

"உனக்குத்தான்டா என்னில அக்கறை," என்று ஹரோல்ட் உருளைக்கிழங்குப் பெட்டியின் மேல் ராசாவைப்போல் உட்கார்ந்தார்.

கதவைத் தாண்டும்போதே ரோசாவை மாற்றிக்கொண்டு தயாநிதி முன்பக்கம் ஓடினான். ஸ்டான்லி ரேடியோவுக்கு முன்னால் ஏற்கெனவே காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், மூலை மேசையில் தொப்பி போட்ட கிழவி ஒருத்தி, காலடியில் குட்டி நாயோடு, கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வேறு கூட்டமில்லை. புகையுமில்லை.

"குசினியில ஒண்டும் கேக்குதில்லையே, தயா?" என்றார் ஹரோல்ட், அவன் திரும்பி வந்ததும்.

"நான் கேட்டு வந்து சொல்லுறன், சேர்."

அது அவன் செய்த இரண்டாவது கெட்டித்தனம். முதல் தடவை போய்க் கேட்டபோதே நியூசிலாந்து பந்தைக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய் வைத்து ஒரு ட்ரை போட்டிருந்தது. திரும்பி வந்தால் ஹரோல்ட் இரண்டு கையையும் கோத்துக்கொண்டு குழந்தைபோல் அவனைப் பார்த்தார். அந்த முகத்துக்கு எப்படிச் சொல்வது?

"பிரிட்டன் போட்டிட்டுது, சேர்!"

"ஆர்? லங்காஷயர்ப் பெடியனோ?"

"ஓம், சேர். வேற ஆர்?"

ஹரோல்ட் எழுந்து சிறீதரனின் தலையில் முத்தமிட்டார். அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. முன்பக்கத்தில் பிரிட்டன் தத்தளித்துக்கொண்டிருக்க, குசினியில் லங்காஷயர்ப் பெடியன்கள் ட்ரைக்கு மேல் ட்ரையாகக் குவித்தார்கள். இடைவேளைக்குப் பிறகு ஓல்டமிலிருந்தே ஒருவனைத் தயாநிதி களமிறக்கினான்.

அது வினையாகப் போயிற்று. ஓல்டம் என்று கேட்டதும் ஹரோல்ட் தொண்டை கிழியப் பாடத் தொடங்கிவிட்டார்.

"ஆரது பாடுறது?" என்று ஸ்டான்லி நிமிர்ந்தார்.

"சிறீதரன், சேர். சலாட் வெட்டுறவன். நல்ல பாட்டுக்காரன்."

"அருமையான குரல். எங்கட மலைப்பக்கத்துக் குரல் மாதிரியே இருக்கு. கூப்பிடு, கிட்ட இருந்து கேப்பம்."

தயாநிதி சிறீதரனைப் பிடரியில் பிடித்துத் தள்ளாத குறையாகக் கொண்டுவந்து நிறுத்தினான்.

"நான் என்னத்தைப் பாட?" என்று சிறீதரன் பல்லைக் கடித்தான்.

"தெரிஞ்சதைப் பாடு. பிள்ளைத்தாச்சியை நினைச்சுப் பாடு!"

சிறீதரன் கண்ணை மூடி, தனக்குத் தெரிந்த ஒரே தேவாரத்தைப் பாடினான். குசினிக்குள் ஹரோல்ட் விடவில்லை. சிறீதரன் மூச்சு வாங்க நிறுத்தினான், பாட்டு நிற்கவில்லை. ஸ்டான்லி அவனுடைய வாயைப் பார்த்தார். குசினிக் கதவைப் பார்த்தார். மறுபடி வாயைப் பார்த்தார். கிழவி முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

நல்லவேளையாக ரேடியோ இரைந்தது. கடைசி நேரத்தில் பிரிட்டனுக்கு ஒரு பெனால்டி. பந்து கம்பங்களுக்கு நடுவால் போய்விட்டது.

"ஆறுக்கு ஆறு!" என்று ஸ்டான்லி துள்ளினார். "சமன்! சமனாக்கிப் போட்டாங்கள்!"

குசினிக் கதவு படாரென்று திறந்தது.

"என்ன ஆறுக்கு ஆறு?" என்றார் ஹரோல்ட். "இருபத்தெட்டுக்குச் சைபர் எல்லோ?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு தயாநிதியைப் பார்த்தார்கள். ஓடிய ஓட்டத்தில் கழற்ற மறந்து, அவனுடைய ஏப்ரனில் இரண்டு ரோசாவும் பக்கத்துப் பக்கத்தில் பூத்திருந்தன.

இனி என்ன பொய் சொன்னாலும் அது இன்னொரு ட்ரைதான்.

"எனக்கு றக்பி தெரியாது, சேர்," என்றான். "வீட்டுக்காக மட்டும் பொய் சொல்லேல்லை. நீங்கள் ஓல்டம் தெருவைப் பற்றிச் சொல்லேக்கையும், நீங்கள் ஹடர்ஸ்ஃபீல்ட் மைதானத்து மழையைப் பற்றிச் சொல்லேக்கையும், எனக்கு என்ர ஊர் மைதானத்தில நிக்கிற மாதிரி இருந்தது. ரெண்டு பக்கத்தையும் விட மனம் வரேல்லை."

ஹரோல்ட் மூக்கை உறிஞ்சினார். ஸ்டான்லி தொண்டையைச் செருமினார். பிறகு ஒருவர் முன்வாசலாலும் மற்றவர் பின்வாசலாலும் வெளியேறினார்கள்.

"ரெண்டு வீடும் போச்சு," என்றான் சிறீதரன்.

தயாநிதி பட்ஜுகளைக் கழற்றினான். நாளைக்குப் பாசலுக்குப் போய் ஜெயகௌரியிடம் எப்படிச் சொல்வான்? தமக்கை வீட்டு வரவேற்பறையில்தான் பிள்ளைக்குத் தொட்டில் கட்ட வேண்டும். அவனுக்கு அழுகை வந்தது. ரேடியோவைத் துடைப்பதுபோல் திரும்பி நின்றுகொண்டான்.

மூலையில் கிழவி விரலைச் சொடுக்கினாள். பில் கேட்கிறாள் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனான். அவள் கைப்பையைத் திறந்து, கேக் கோப்பைக்குப் பக்கத்தில் ஒரு கதவுத் திறப்பை வைத்தாள்.

"சத்தம் தாங்கக்கூடிய ஆளோ எண்டு பாக்கத்தான் வந்தனான்," என்றாள். அவள் பேசியது சுவிஸ் ஜெர்மன். தயாநிதி பிற்காலத்தில் இந்தக் கதையைச் சொன்னபோதெல்லாம் அவளை யாழ்ப்பாணத் தமிழில்தான் பேச வைப்பான். "மேல்தட்டு உமக்குத்தான். மனுசியைக் கூட்டிக்கொண்டு வாரும்."

தயாநிதி ஏப்ரனில் கையைத் துடைத்தான்.

"எந்த வீடு, மேடம்? கோட்டையடி வீடோ, தேவாலயத்துக்குப் பின்னால இருக்கிற வீடோ?"

கிழவி நாய்க்குட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"ரெண்டும் என்ர ஒரே வீடுதான், தம்பி. எட்டு வருசமா ரெண்டு பேரும் கீழ்த்தட்டில ஒரே கேத்திலில தேத்தண்ணி வைச்சுக் குடிக்கினம். சண்டை பிடிக்காமல் ஒண்டா வந்து என்ர கதவைத் தட்டினது உமக்கு வீடு கேக்க மட்டும்தான்."