சனிக்கிழமைச் சித்திர வகுப்பு

தன் மகள் வினோஜா ஒருநாள் நாட்டுக்காகப் பந்து வீசுவாள் என்று பிரகலாதன் முடிவெடுத்தபோது அவளுக்கு ஏழு வயது. அவளை யாரும் கேட்கவில்லை.

காரணம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் விளையாட ஆள் பிரிக்கும்போது வினோஜாவை எந்தப் பக்கமும் கூப்பிடுவதில்லை. பந்து வந்தால் கண்ணை இறுக மூடிக்கொள்வாள். அது நெஞ்சில் பட்டு விழுந்த பிறகுதான் இரண்டு கையும் ஒன்று சேரும். ஒருநாள் மகளைக் கூட்டிவரப் போனவர், அவள் மதிலோரம் தனியே நின்று மற்றப் பிள்ளைகளின் தண்ணீர்ப் போத்தல்களுக்குக் காவல் இருப்பதைக் கண்டார். அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த நாளே யாழ்ப்பாணம் போய் மட்டை, கையுறை, கால்காப்பு, தலைக்கவசம் என்று ஓர் அணிக்குப் போதுமான சாமானோடு இணுவிலுக்குத் திரும்பினார்.

தலைக்கவசத்தைப் போட்டதும் வினோஜா காணாமற் போனாள். உள்ளே எங்கேயோ இருந்து, "அப்பா, இருட்டாக் கிடக்கு" என்று ஒரு குரல் மட்டும் வந்தது.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த மனைவி சுவர்ணா எழுந்து வந்தாள்.

"இதென்னப்பா கோலம்?"

"கிரிக்கெட். இவளை நான் பெரிய பந்துவீச்சாளர் ஆக்கப் போறன்."

"பிள்ளைக்கு ஒரு காலிலை கெந்தத் தெரியாது. ஒழுங்கா எறியத் தெரியாது, ஏந்தத் தெரியாது. முதல் அதுகளைப் பழகட்டும்."

"அதெல்லாம் சின்னப்பிள்ளையளின்ரை விளையாட்டு."

"அப்ப இவள் ஆர், கிழவியோ? ஓட்டம் எடுக்க முதல் ஓடத் தெரியோணுமப்பா."

"சுவர்ணா, உமக்கு விளையாட்டைப் பற்றி என்ன தெரியும்?"

சுவர்ணா ஒன்றும் பேசாமல் கீரைக்குத் திரும்பினாள். மனைவி வாயடைத்துப் போனதைக் கலியாணம் முடித்த நாளிலிருந்து பிரகலாதன் கண்டதில்லை. அந்த உற்சாகத்தில் திட்டம் இன்னும் உறுதியானது.

அவர் வேலைசெய்த கந்தோரில் பக்கத்து மேசை வாகீசன், சிறுமிகளுக்குச் சனிக்கிழமைகளில் கிரிக்கெட் வகுப்பு நடப்பதாகக் காதோடு காதாகச் சொன்னார். சுவர்ணா மறிப்பாள் என்று பயந்து பிரகலாதன் வீட்டில் அதைச் சித்திர வகுப்பு என்றார். வினோஜாவின் வாயை ஐஸ்கிரீமால் அடைத்தார்.

"சித்திரமோ? நல்லதுதானே, கூட்டிக்கொண்டு போங்கோ" என்றாள் சுவர்ணா.

இவ்வளவு சுகமாக அவள் எதற்கும் ஒத்துக்கொண்டதில்லை. அதைத் தன் சாமர்த்தியம் என்று கணக்கு வைத்துக்கொண்டார் பிரகலாதன்.

வகுப்பு நடத்தியவர் குருநகர் மரியநாயகி ரீச்சர். கரையில் நின்று கூப்பிட்டால் நடுக்கடலில் போகிற படகு திரும்பி வரும், அப்படி ஒரு குரல். தலைக்கவசத்தையும் அதற்குள் இருந்த பிள்ளையையும் அவர் ஒருமுறை பார்த்தார்.

"அண்ணை, இதைக் கழட்டுங்கோ. மட்டையும் வேண்டாம்."

ஒரு பலூனை ஊதி வினோஜாவின் கையில் கொடுத்தார்.

"ரீச்சர், கிரிக்கெட் எப்ப?"

"வரும். பலூன் ஆறுதலா வரும், அதுக்குக் கண் பயப்பிடாது. பிறகு துணிப்பந்து, பிறகு ரெனிஸ் பந்து. கெந்தப் பழகாத பிள்ளை ஓடி வந்து காலை ஊண்டிப் பந்து போட்டால் பந்துக்கு முதல் பிள்ளைதான் போய் விழும். பாருங்கோ, தனியச் செய்ய வெக்கப்படுறாள். நீங்களும் கூட வாங்கோ."

"நானோ?"

"ஓம். சப்பாத்தைக் கழட்டுங்கோ."

இந்தக் குரலுக்குப் படகே திரும்பும்போது பிரகலாதன் எம்மாத்திரம்? கெந்தினார். அவருடைய வயிறு சற்றுப் பிந்திக் கெந்தியது. அடுத்த கெந்தலில் பூமி மேலே வந்து அவரை ஏந்திக்கொண்டது. வினோஜா விழுந்து விழுந்து சிரித்தாள். மைதானம் ஒன்றில் அவள் சிரித்து அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதனால் எழும்பி, மண்ணைத் தட்டிவிட்டு, மறுபடியும் கெந்தினார்.

வீட்டுக்கு வந்ததும் விசாரணை தொடங்கியது.

"என்னப்பா நொண்டுறியள்?"

"வகுப்பிலை கொஞ்சம் கஷ்டம்."

"சித்திரம் கீறினால் முழங்கால் நோகுமோ?"

"குந்தியிருந்து கீறுறது."

"பிள்ளையெல்லோ கீறுறது?"

"நான் பென்சில் சீவிக் குடுக்கிறனான். அதுவும் குந்தியிருந்துதான்."

சுவர்ணா நல்லெண்ணெயைச் சுட வைத்து முழங்காலில் தேய்த்தாள். "சரி, பிள்ளை கீறின படங்களைக் காட்டுங்கோவன்" என்றாள்.

அதன் பிறகு பிரகலாதன் மதியச் சாப்பாட்டு வேளைகளில் கந்தோர் மேசையில் படம் கீறினார். ஏழு வயதுப் பிள்ளை கீறியதுபோல இருக்கவேண்டும் என்று முதலில் இடக்கையால் முயன்றார். வலக்கையே போதும் என்பது சீக்கிரம் தெரியவந்தது. சுவர்ணா ஒவ்வொன்றையும் விறாந்தைச் சுவரில் ஒட்டினாள்.

"இந்த மாடு நல்ல வடிவு."

"அது தேர்."

படங்கள் சுவரில் பரவிக்கொண்டு போயின. மைதானத்தில் வினோஜா கயிறு தாண்டினாள், ஓடிப் போய்ச் சட்டென்று நின்றாள், வாளிக்குள் குறிபார்த்துத் துணிப்பந்து எறிந்தாள். எல்லாவற்றையும் பிரகலாதனும் செய்தார், வியர்வையும் பிடிவாதமுமாக. ஒரு சனிக்கிழமை ரெனிஸ் பந்து அவளை நோக்கி வந்தது. பிரகலாதன் தன் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது பந்து மகளின் கைக்குள் இருந்தது. அவளுடைய கண் இரண்டும் அகலத் திறந்திருந்தன.

"அப்பா, பந்து வரேக்கை சுத்திக்கொண்டு வருது, தெரியுமோ?" என்றாள், இதுவரை யாரும் அதைக் கண்டதில்லை என்பதுபோல.

அவர் பந்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

வகுப்புத் தவணையின் கடைசிச் சனிக்கிழமை ரீச்சர் விக்கெட்டை நட்டுவிட்டுப் பந்தை வினோஜாவிடம் கொடுத்தார். ஓடி வந்தாள், துள்ளினாள், காலை ஊன்றிக் கையைச் சுழற்றினாள். நடுத் தடி சாய்ந்தது. பிரகலாதன் இரண்டு கையையும் தூக்கிக் கத்திக்கொண்டு குதித்தார். பின்னாலிருந்து யாரோ கை தட்டினார்கள். திரும்பினார். தேநீர் நிரப்பிய சுடுதண்ணிப் போத்தலும் கையுமாகச் சுவர்ணா நின்றாள்.

"இஞ்சை... சித்திர ரீச்சர் இண்டைக்கு லீவு..." என்று தொடங்கினார்.

"வாடி சுவர்ணா!" என்று ஓடிவந்து கட்டிப்பிடித்தார் மரியநாயகி ரீச்சர். "அண்ணை, அந்தக் காலத்திலை எங்கடை பள்ளிக்கூட வலைப்பந்து அணிக்கு இவதான் கப்டன், தெரியாதோ?"

தெரியாது. அவர் கேட்டதே இல்லை.

"அப்ப உமக்கு முதலே தெரியும்?"

"வாகீசனண்ணையை உங்களிட்டைச் சொல்லச் சொன்னதே நான்தான்" என்றாள் சுவர்ணா, தேநீரை ஊற்றியபடி. "நான் சொன்னால் கேப்பியளோ? அதுதான் மரியநாயகியைக் கொண்டு சொல்லுவிச்சனான்."

பிரகலாதன் தேநீரோடு சேர்த்து அதையும் விழுங்கினார். தோற்றது அவர்தான், ஆனால் பிள்ளை வென்றுவிட்டாள். அது போதும்.

"சரி, இனி அவள் கிரிக்கெட் விளையாடட்டும். நான் நிழலிலை இருந்து பாக்கிறன்."

"வினோஜா வாற சனி பெரிய பிள்ளையளோடை கிரிக்கெட்டுக்குப் போறாள்" என்றார் ரீச்சர். "நீங்கள் சின்ன ஆக்களோடை இன்னொரு தவணை இருக்கோணுமண்ணை, உங்களுக்குக் கெந்தல் சரிவரேல்லை எண்டு சுவர்ணா பேர் குடுத்திட்டா."