கிழக்கு பார்த்த கம்ப்யூட்டர்

ஆறு வருஷம் படித்தவர்களிடம் எதைக் கேட்டாலும் "பார்த்துத்தான் சொல்லணும்" என்பார்கள். ஆறு மாதம் படித்தவர்கள் பார்க்காமலேயே சொல்லிவிடுவார்கள். நான் ஆறு மாதம் படித்தவள்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. அம்பத்தூரில், கீழே மெத்தைக் கடையும் மேலே கம்ப்யூட்டர் சென்டருமாக இருந்த ஒரு கட்டடத்தில் ஹார்டுவேர் கோர்ஸ் முடித்திருந்தேன். பதினான்கு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். மாஸ்டர் அதைப் பிரித்து மாட்டிக் காட்டும்போதெல்லாம், முன்னால் நின்ற பையன்களின் முதுகுகளை மிகத் தெளிவாகப் பார்த்திருக்கிறேன். (அந்த முதுகுகளில் பரீட்சை வைத்திருந்தால் முதல் மார்க் எனக்குத்தான்.) ஆனாலும் ஆவடியில் எங்கள் குவார்ட்டர்ஸ் முழுக்க, "வசந்தி கம்ப்யூட்டரே செய்வாளாம்" என்று பேச்சு. கிளப்பிவிட்டது யார் என்று கேட்காதீர்கள். சரி, நான்தான்.

அப்பா ராணுவ வண்டிகள் செய்யும் பாதுகாப்புத் தொழிற்சாலையில் ஃபிட்டர். அவருடைய ஃபோர்மேன் தாமோதரன் சார் எங்களுக்குப் பின்வரிசையில் குடியிருந்தார். சாரின் மகள் கவிதா இன்ஜினியரிங் கடைசி வருஷம். டிசம்பருக்குள் ப்ராஜெக்டை முடித்துக் கொடுக்க வேண்டும், அதற்கு வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். கடையில் சொல்லி வைக்கப் போன சாரை அப்பாவே வழிமறித்து, "எதுக்கு சார் கடைக்கு? நம்ம பொண்ணு இருக்காளே!" என்று சொல்லிவிட்டார். அப்பா யாரிடமும் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. அதற்கப்புறம் ரொம்ப காலம் சொல்லவில்லை.

பாகங்கள் வந்து இறங்கின. எங்கள் வீட்டுக் கட்டிலில் பழைய போர்வையை விரித்து, கதவைச் சாத்திக்கொண்டு வேலையைத் தொடங்கினேன். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் தட்டையாகப் படுத்திருக்கும், அதன் தலையில் மானிட்டர் உட்கார்ந்திருக்கும். பெட்டிக்குள் மதர்போர்டு என்கிற மின்பலகையை வைத்து எட்டுத் திருகாணிகளால் முடுக்க வேண்டும். ஏழு முடுக்கினேன். எட்டாவது திருகு விரலிலிருந்து நழுவி எங்கேயோ 'டிங்' என்று விழுந்தது. கட்டிலுக்கு அடியில் தேடினேன், போர்வையை உதறினேன், அம்மாவைக் கூப்பிட்டுப் பெருக்கச் சொன்னேன். கிடைக்கவில்லை. ஏழு திருகு தாங்கிப் பிடிக்காததையா எட்டாவது தாங்கிவிடப் போகிறது என்று பெட்டியை மூடிவிட்டேன்.

இதைப் படிக்கும் உங்களுக்கு விஷயம் இப்போதே புரிந்திருக்கும். எனக்குப் புரிய இரண்டு மாதம் ஆயிற்று.

வீட்டில் போட்டுப் பார்த்தபோது கம்ப்யூட்டர் ஓடியது. மறுநாள் காலை அப்பாவும் ஏழுமலை மாமாவும் அதைக் குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு ஃபோர்மேன் வீட்டுக்குப் போனார்கள். ஏழுமலை மாமா அப்பாவுடன் வேலை செய்பவர், பட்டாபிராம்காரர். "இன்னா கண்ணு, இத்தினிக்கூண்டு பொட்டிக்கு இம்மாம் கனமா?" என்று வழியெல்லாம் சந்தேகம் அவருக்கு.

சாரின் மனைவி ராஜம் ஆன்ட்டி தேங்காய் உடைத்தார். நான் சுவிட்சை அழுத்தினேன். உள்ளே ஃபேன் ஒரு துள்ளு துள்ளியது, அப்படியே அடங்கிவிட்டது. மறுபடி அழுத்தினேன். மறுபடியும் ஒரு துள்ளல், ஓர் அடக்கம்.

"இவ்வளவுதானா?" என்று ஆன்ட்டி அப்பாவியாகக் கேட்டார். கம்ப்யூட்டரின் வேலையே அவ்வளவுதான் என்று நினைத்துவிட்டார் போல.

அன்று தொடங்கியது என் மருத்துவம். ரேம் என்கிற பட்டையைக் கழற்றி அதன் பல்வரிசையை ரப்பரால் தேய்த்தேன். ஓடவில்லை. கேபிள்களை எல்லாம் பிடுங்கி மாட்டினேன். ஓடவில்லை. மூன்றாம் நாள் "எர்த் சரியில்லை சார்" என்று தீர்ப்புச் சொன்னேன். சார் வீட்டுப் பின்புறம் எர்த் கம்பி இறங்கும் குழியில் உப்பைக் கொட்டி, தினமும் காலையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். இருநூறு பேரை வேலை வாங்குகிற ஃபோர்மேன், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு குடமும் கையுமாக நின்ற காட்சியை அப்பா எங்கள் வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, காப்பியை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

ஒரு வாரம் கழித்து, வேடிக்கை பார்க்க வந்த ஏழுமலை மாமாதான் திருப்பத்தை உண்டாக்கினார். "பின்னாடி இன்னா கீதுன்னு பாக்கலாம்" என்று தெற்கு பார்த்திருந்த பெட்டியைத் தூக்கித் திருப்பி வைத்துவிட்டு, எதேச்சையாக சுவிட்சை அழுத்தினார். கம்ப்யூட்டர் 'பீப்' என்று குரல் கொடுத்து எழுந்து உட்கார்ந்தது.

எல்லோரும் கை தட்டினார்கள். சார் மட்டும் வாசலையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வசந்தி, இப்ப இது எந்தப் பக்கம் பாக்குது?"

"கிழக்கு சார்."

"அதான பாத்தேன்!"

அந்த நிமிஷத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். 'தெரியலை சார், பிரிச்சுப் பாத்துடறேன்' என்று ஒரு வாக்கியம் போதும். ஆனால் அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அதனால் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்: "ஆமா சார். பூமியோட காந்தப் புலம் இருக்கில்ல, அதுக்கும் மதர்போர்டுக்கும் ஒரு தொடர்பு இருக்கு. கோர்ஸ்ல சொல்லியிருக்காங்க."

(கோர்ஸில் அப்படி யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் எனக்கு முதுகுதான் தெரிந்திருக்கும்.)

சார் உடனே சாக்பீஸ் எடுத்து மேஜைமேல் பெட்டியைச் சுற்றிக் கோடு போட்டார். மில்லிமீட்டர் பிசகக் கூடாது என்று வீட்டில் உத்தரவு. ஆன்ட்டி தூசி தட்டும்போது பெட்டி கொஞ்சம் அசைந்தாலும் கம்ப்யூட்டர் படுத்துவிடும். மறுபடி கோட்டுக்குள் தள்ளித் தள்ளி வைத்தால் என்றைக்காவது எழுந்திருக்கும். கோட்டுக்குள் சரியாக இருந்தும் ஓடாத நாட்களுக்கு சார் ராகு காலம் பார்த்தார். கவிதா பாவம், ப்ராஜெக்டின் இரண்டாம் அத்தியாயத்தை மூன்று தடவை டைப் செய்தாள். "அக்கா, எங்க கிளாஸ்ல வேற யார் வீட்டு கம்ப்யூட்டரும் திசை பாக்கலையே?" என்று ஒருநாள் மெதுவாகக் கேட்டாள். "அவங்க ஏரியாவுல காந்தம் கம்மி" என்று சொல்லிவிட்டு வேகமாக வெளியே வந்துவிட்டேன்.

பிறகு ஆயுத பூஜை வந்தது.

சார் வீட்டில் தொழிற்சாலை ஷாப் ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடியிருந்தார்கள். எல்லோரும் ஃபிட்டர்கள். ஸ்பேனர், சுத்தியல், ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் குளித்து, பொட்டு வைத்துக்கொண்டு வரிசையாகப் படுத்திருந்தன. "கம்ப்யூட்டரும் ஆயுதம்தானே" என்று ஆன்ட்டி அதற்கும் சந்தனம் குழைத்து எடுத்து வந்தார். மானிட்டரை இறக்கிவிட்டு, அடியில் துடைப்பதற்காகப் பெட்டியின் முன்பக்கத்தை இரண்டு கையாலும் உயர்த்தினார்.

உள்ளே கடகடவென்று ஏதோ உருண்டது. பெட்டியின் பின்னால் நான் மூடாமல் விட்ட ஓட்டை வழியாக வெளியே வந்து, பொரி வைத்திருந்த பித்தளைத் தாம்பாளத்தின் விளிம்பில் 'டங்' என்று விழுந்தது.

வேறு ஆட்கள் இருந்திருந்தால் காசு விழுந்தது என்று நினைத்திருப்பார்கள். அந்தக் கூடத்தில் இருந்தவர்கள் அத்தனை பேரும் திருகாணிச் சத்தத்தைத் தூக்கத்தில்கூட அடையாளம் சொல்லக்கூடியவர்கள். எல்லாத் தலைகளும் தாம்பாளத்தின் பக்கம் திரும்பின.

ஏழுமலை மாமா பொரியை விலக்கி அதை எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இன்னா கண்ணு, மறை கழண்டது மிசினுக்கா, உனக்கா?"

ஆன்ட்டி சந்தனக் கிண்ணத்துடன் என்னைப் பார்த்தார். அவர் கேலி பேசத் தெரியாதவர். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்: "ஏம்மா, இதுக்கும் பொட்டு வைக்கணுமா?"

கூடமே வெடித்துச் சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. அவர்கள் ஷாப்பில் ஷிஃப்ட் முடியும்போது ஒரு போல்ட் கணக்கில் குறைந்தாலும், அது கிடைக்கும்வரை யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது. அப்பா அந்தத் திருகைக் கையில் வாங்கிக்கொண்டு, "சார், இப்பவே மாட்டிடறேன்" என்று ஸ்க்ரூ டிரைவருக்குக் கையை நீட்டினார்.

"ஐயையோ, பூஜையில வெச்சதைத் தொடக் கூடாது. நாளைக்குத்தான் எடுக்கணும்" என்றார் ஆன்ட்டி.

ஆகவே அப்பா அந்தத் திருகைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். நான் பத்தடி தள்ளிப் பின்னால் நடந்தேன். வீட்டு வாசலில் நின்று, திரும்பிப் பார்க்காமல் கேட்டார்: "காந்தப் புலம்னா என்னம்மா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "தெரியாதுப்பா. எதுவுமே தெரியாது. தெரியலைன்னு சொல்லப் பயமா இருந்துச்சு."

"நாளைக்கு நீயே வந்து மாட்டு. எட்டையும் என் முன்னாடி எண்ணு" என்று மட்டும் சொன்னார். மறுநாள் எண்ணினேன், சத்தமாக, ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைப் போல. மதர்போர்டுக்கு அடியில் உருண்டு ஷார்ட் ஆக்க இனி திருகு இல்லை; கம்ப்யூட்டர் தெற்கு பார்த்தும் ஓடியது, மேற்கு பார்த்தும் ஓடியது. கவிதா டிசம்பரில் ப்ராஜெக்டைக் கொடுத்துவிட்டாள். சார் மட்டும் அதைக் கடைசிவரை கிழக்கிலிருந்து திருப்பவில்லை. "கிழக்கே பாத்து வெச்சதாலதான்யா திருகு தானா வெளிய வந்துச்சு" என்பது அவர் முடிவு.

சில வருஷங்கள் கழித்து அப்பா ஓய்வு பெற்றார். பூந்தமல்லி ரோட்டில் ஒரு சின்ன மண்டபத்தில் விழா. மேடையில் பேசியே பழக்கமில்லாத அப்பா மைக்கைப் பிடித்துக்கொண்டு, "என் சர்வீஸ்ல ஒரு வண்டிக்குள்ளகூட ஒரு திருகை விட்டுட்டு வெளிய வந்ததில்லை" என்றார். கை தட்டல் ஓய்வதற்குள், முன்வரிசையிலிருந்து தாமோதரன் சாரின் குரல் எழுந்தது:

"வீட்டுல எத்தனைய்யா விட்ட?"

மண்டபம் மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. அப்பா அசரவேயில்லை.

"ஒண்ணே ஒண்ணுதான் சார். அந்த மறை கழண்டது மட்டும் அவ அம்மா வழி."

இன்றைக்கும் வீட்டில் நாலு பேர் கூடினால் இந்தக் கதை வந்துவிடும். என் கணவர் என்னைவிட நன்றாகச் சொல்வார், என் மகள் அவரைவிட நன்றாகச் சொல்வாள். மாமா, சித்தி என்று அம்மாவின் ஆட்கள் வந்திருக்கும் நாட்களில் மட்டும் கடைசி வரிக்கு முன்னால் நிறுத்திவிட்டு, எல்லோரும் காப்பி குடிக்கப் போய்விடுவோம்.